எந்த ஜர்னலைப் படிப்பது? பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு ஓர் ஒப்பீடு

"அக்கா, ஒரே ஒரு ஜர்னல் படிக்கத்தான் நேரம் இருக்கு. எதைப் படிக்கட்டும்?"

கும்பகோணத்தில் சொந்தமாக கிளினிக் நடத்தும் ஜூனியர் ஒருவர் போன மாதம் கேட்டார். அதே வாரத்தில் அரசு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் இன்னொருவரும், குழந்தைகளுக்கான தெரபி சென்டரில் இருக்கும் ஒரு தங்கையும் கிட்டத்தட்ட இதையே கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க உட்கார்ந்தேன். கேள்வி ஒன்றுதான், ஆனால் மூன்று பேருக்கும் மூன்று விதமான பதில்தான் வந்தது. ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் உங்கள் ஓபி ரெஜிஸ்டரை எடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் வந்தவர்களை உடல் பகுதி வாரியாக எண்ணுங்கள். நான் எண்ணியபோது முழங்கால், இடுப்பு, தோள், அப்புறம் பக்கவாதம் என்ற வரிசை வந்தது. அதுவரை நான் ஆர்வமாகப் படித்துக்கொண்டிருந்தது விளையாட்டுக் காயங்களைப் பற்றி. அப்படிப்பட்ட நோயாளி அந்த மாதம் ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். நீங்கள் படிப்பது உங்களிடம் வருகிறவர்களுக்கு உதவ வேண்டும். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது, முழுக் கட்டுரை கையில் கிடைக்குமா? சுருக்கத்தில் "உடற்பயிற்சி பலன் தந்தது" என்று இருக்கும். எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எத்தனை வாரம், வலி வந்தால் நிறுத்தினார்களா தொடர்ந்தார்களா என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். சுருக்கத்தோடு நின்றுவிடும் இதழ் எவ்வளவு பெயர்பெற்றதாக இருந்தாலும் சிகிச்சை செய்கிறவருக்குப் பாதிப் பயன்தான்.

மூன்றாவது, படித்ததை உங்கள் அறையில் செய்ய முடியுமா? ரோபாட் வைத்து நடை பழக்கும் ஆய்வு சுவாரசியமாக இருக்கலாம். உங்களிடம் இருப்பது ஒரு பேரலல் பார், ஒரு மேட், வலிக்கு மின்சாரம் கொடுக்கும் ஓர் ஐஎஃப்டி மெஷின் என்றால் அதைப் படித்த ஒரு மணி நேரம் வேறு எதற்காவது போயிருக்கலாம்.

நான்காவது நேரம். பணத்தைக் கணக்குப் போடும் அளவுக்கு நாம் இதைப் போடுவதில்லை. காலை ஓபி, மாலை வீட்டு விசிட் என்று ஓடுகிறவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து கட்டுரை போடும் இதழும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெல்லிசாக வரும் இதழும் இந்தக் கணக்கில் ஒன்றாக முடியாது.

இம்பாக்ட் ஃபேக்டரை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். ஒரு இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மற்றவர்கள் மேற்கோள் காட்டினார்கள் என்பதுதான் அந்த எண். பதவி உயர்வுக்குக் கட்டுரை எழுதுகிறவருக்கு அது வேண்டியிருக்கும். முழங்கால் தேய்மானத்தோடு வரும் பாட்டிக்கு இன்றைக்கு என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் கிடையாது.

## ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி

ஆஸ்திரேலிய பிசியோதெரபி சங்கத்தின் இதழ். ஆண்டுக்கு 4 முறை வருகிறது. 2014 முதல் யார் வேண்டுமானாலும் முழுசாக, இலவசமாகப் படிக்கலாம். எழுதுகிறவர்களிடமும் பணம் வாங்குவதில்லை. இந்த இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். பல ஓப்பன் ஆக்சஸ் இதழ்களில் படிப்பவருக்கு மிச்சமாகும் பணத்தை எழுதுகிறவர் கட்டியிருப்பார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வேறு இதழில் வந்த ஓர் ஆய்வை எடுத்து ஒரே பக்கத்தில் சுருக்கிச் சொல்லும் பகுதி. யாரைச் சேர்த்தார்கள், என்ன செய்தார்கள், என்ன கிடைத்தது என்று மேலே இருக்கும். கீழே அந்தத் துறையில் அனுபவமுள்ள ஒருவர், இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எழுதியிருப்பார். டீ குடிக்கிற நேரத்தில் ஒன்றை முடித்துவிடலாம். ஆய்வை எப்படிச் சந்தேகத்தோடு படிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இந்தப் பக்கங்கள்தான். கல்லூரியில் அதை அவ்வளவாகச் சொல்லித்தரவில்லை. ஒரு நோயை எடுத்துக்கொண்டு பரிசோதனையிலிருந்து சிகிச்சை வரை அலசும் நீண்ட கட்டுரைகளும் இதழுக்கு ஒன்றாவது இருக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

குறை என்றால், எல்லாத் துறையையும் தொட்டுச் செல்வதால் எந்தத் துறையும் இதில் நிறைவாக இருக்காது. கை தெரபி செய்கிறவருக்கு ஓர் ஆண்டு முழுக்க ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆய்வுகள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய, ஐரோப்பிய மருத்துவ ஏற்பாடுகளை மனதில் வைத்தவை. "வாரம் ஒருமுறை தொலைபேசியில் பேசினோம்" என்பதை நம்மூருக்கு மாற்றிப் பார்க்கும் வேலை உங்களுடையது.

எல்லா வகை நோயாளியும் கலந்து வரும் கிளினிக்குக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

## ஜேஓஎஸ்பிடி

முழுப்பெயர் ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபீடிக் அண்ட் ஸ்போர்ட்ஸ் பிசிகல் தெரபி. எலும்பு, மூட்டு, விளையாட்டுக் காயம் பார்க்கிறவர்களுக்கான அமெரிக்க மாத இதழ். 1979-இல் தொடங்கியது. முழு இதழுக்கும் டாலரில் சந்தா கட்ட வேண்டும். ஆனால் சந்தா இல்லாமலேயே கிடைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. என் கணக்கில் இந்த இதழின் உயிர் அதுதான். இதில் வரும் சிகிச்சை கைட்லைன்களை இலவசமாகப் படிக்கலாம். இடுப்பு வலிக்கு 2021-இல் திருத்திய பதிப்பு, கழுத்து வலிக்கு 2017, குதிகால் வலிக்கு 2023, தோள் இறுக்கத்துக்கு 2013 என்று வரிசையாக இருக்கின்றன. நோயாளிக்கே கொடுக்கத்தக்க ஒருபக்க விளக்கங்களும் உண்டு. ஆங்கிலத்தில்தான் இருக்கும், நாம் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம்.

அந்த 2013 தோள் கைட்லைன் என் கை வேலையையே மாற்றியது. தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, 52 வயது, சர்க்கரை உண்டு. பின்னால் கையைக் கொண்டுபோய் ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்று வந்தார். நான் படித்த காலத்தில் பழகியபடி பிடித்து இழுத்தேன். கண்ணில் நீர் வந்தது. "பரவாயில்லம்மா, சரியாகணும்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த வாரம் வலி கூடியிருந்தது.

கைட்லைன் வேறு மாதிரி சொன்னது. முதலில் இரிட்டபிலிட்டியைப் பார், அதாவது அந்தத் தோள் எவ்வளவு லேசில் வலிக்குத் தூண்டப்படுகிறது என்று பார் என்றது. பத்துக்கு 7-ம் அதற்கு மேலும் வலி, ராத்திரியிலும் சும்மா இருக்கும்போதும் வலி என்றால் அது உச்ச நிலை. அப்போது வலிக்காத எல்லைக்குள் 1 முதல் 5 விநாடி வரைதான் ஸ்ட்ரெச். நடு நிலைக்கு வந்தால் 5 முதல் 15 விநாடி. வலி 3-க்கோ அதற்குக் கீழோ இறங்கி, ராத்திரி வலியும் போன பிறகுதான் கடைசி எல்லை வரை நீட்டிப் பிடிப்பது. ஸ்டீராய்டு ஊசியோடு சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் முதல் சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறைகிறது என்பதற்கு அதில் வலுவான ஆதாரம் காட்டியிருந்தார்கள். சர்க்கரை இருப்பவர் என்பதால் அந்த முடிவை அவருடைய டாக்டரிடம் விட்டோம். ஐஎஃப்டி, அல்ட்ராசவுண்ட் போன்றவற்றுக்கு அதில் கிடைத்த இடம் சின்னது. நான் அவற்றுக்குக் கொடுத்துவந்த நேரமோ பெரியது.

மறைவான செலவுகள் இரண்டு. கைட்லைனுக்கும் வயதாகும். வெளியான ஆண்டைப் பார்க்காமல் படிக்கக் கூடாது. அடுத்தது டாலர் சந்தா. முன்பு ஒருமுறை வேறொரு வெளிநாட்டு இதழுக்குக் கட்டினேன். கார்டில் மாற்றுக் கட்டணமும் சேர்ந்து நான் நினைத்ததைவிடக் கூடுதலாகவே போனது. ஆண்டு முடிவில் நான் முழுசாகப் படித்திருந்தது 7 கட்டுரை. ஆகவே இப்போது என் பழக்கம் வேறு. எந்த இதழுக்கும் பணம் கட்டுமுன் அதன் கடைசி 4 பொருளடக்கங்களை எடுத்து, என் ரெஜிஸ்டரில் உள்ள நோயாளிகளுக்குப் பொருந்தும் தலைப்புகளை டிக் அடிப்பேன். இதழுக்கு 3 டிக்காவது விழாவிட்டால் கட்டுவதில்லை.

## நரம்பு சார்ந்த இதழ்கள்

ஸ்ட்ரோக், தண்டுவடக் காயம், தலைக்காயம் பார்க்கிறவர்கள் முன்னால் இரண்டு பெயர்கள் வரும். ஒன்று ஜர்னல் ஆஃப் நியூரோலாஜிக் பிசிகல் தெரபி. இன்னொன்று நியூரோரிஹேபிலிடேஷன் அண்ட் நியூரல் ரிப்பேர். முதலாவது நம்மைப் போல் கையால் வேலை செய்கிறவர்களுக்கானது. இரண்டாவது மூளை எப்படி மீள்கிறது என்ற ஆழத்துக்குப் போவது. மூளைத் தூண்டல், படமெடுப்பு என்று நிறைய வரும். முதுநிலைப் படிப்பில் நியூரோ எடுத்தவர்கள் அதை விரும்புவார்கள்.

கிளினிக்கில் இருப்பவர் முதலாவதில் 2020 ஜனவரியில் வந்த நடைப் பயிற்சி கைட்லைனையாவது கட்டாயம் படிக்க வேண்டும். இலவசமாகவே கிடைக்கிறது. பாதிப்பு வந்து 6 மாதம் கடந்து, ஓரளவு நடக்கக்கூடியவர்களுக்கானது. இதயத் துடிப்பு ஏறும் அளவுக்கு, மிதமானதிலிருந்து அதிகத் தீவிரம் வரை நடக்க வையுங்கள் என்கிறது. நின்ற இடத்தில் எடையை மாற்றி மாற்றிச் செய்யும் பேலன்ஸ் பயிற்சி, உடல் எடையைப் பட்டையால் தாங்கிப் பிடித்து நடக்க வைக்கும் டிரெட்மில், ரோபாட் நடை ஆகியவற்றை நடைவேகம் கூட்டுவதற்காகச் செய்ய வேண்டாம் என்கிறது. பேரலல் பாருக்குள் மணிக்கணக்கில் வெயிட் ஷிஃப்ட் செய்ய வைப்பது நம் ஊரில் எவ்வளவு பரவலான பழக்கம்! விலை உயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கும் சின்ன கிளினிக்குக்கு இது நல்ல செய்தி. ஒரு நீண்ட வராந்தாவும் துடிப்பு பார்க்க ஓர் ஆக்சிமீட்டரும் இருந்தால் தொடங்கிவிடலாம். இதய நோய், ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டரின் ஒப்புதலோடுதான்.

## ஒரே இதழ் ஏன் போதாது

நம் துறையை அசைத்த ஆய்வுகள் பல, பிசியோதெரபி இதழ்களில் வரவே இல்லை.

ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை எழுப்பி, அடிக்கடி, அதிகமாக நடமாட வைத்தால் நல்லதா என்று 5 நாடுகளில் 56 மையங்களில் 2,104 பேரை வைத்துப் பார்த்த அவெர்ட் ஆய்வு 2015-இல் லான்செட் என்ற பொது மருத்துவ இதழில் வந்தது. அதை நடத்தியவர் ஜூலி பெர்ன்ஹார்ட், நம்மைப் போல ஒரு பிசியோதெரபிஸ்ட். முடிவு பலர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. 3 மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 50 சதவீதம், சீக்கிரமாகவும் அதிகமாகவும் நடமாட வைத்த குழுவில் 46 சதவீதம்.

2017-இல் அதே லான்செட்டில் அட்டெண்ட் ஆய்வு வந்தது. இது நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து நடந்தது. வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே ஸ்ட்ரோக் நோயாளிக்கு மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வைத்தால் நிலைமை மாறுமா என்று பார்த்தார்கள். 6 மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரு குழுவிலும் 47 சதவீதம். "வீட்ல இருக்கறவங்களே பண்ணிக்குவாங்க" என்று சொல்லி அனுப்பிவிடும் நாம் எல்லோரும் உட்கார்ந்து படிக்க வேண்டியது இது.

2024-இல் வாக்பேக். இடுப்பு வலி குணமான 701 பேர். பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி நடைப் பயிற்சி கொடுத்த குழுவில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது. ஒன்றும் செய்யாத குழுவுக்கு 112 நாள். அதுவும் லான்செட்தான்.

இதற்காக லான்செட்டுக்குச் சந்தா கட்டச் சொல்லவில்லை. பெட்ரோ என்ற தரவுத்தளத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். 1999-இல் சிட்னியில் தொடங்கியது, முழுக்க இலவசம். பிசியோதெரபி சார்ந்த ஆய்வுகள், தொகுப்பாய்வுகள், கைட்லைன்களை எந்த இதழில் வந்தாலும் சேர்த்து வைக்கிறது. தளத்தின் பக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆய்வுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இருக்கும். அந்த எண் சொல்வது ஆய்வு எவ்வளவு ஒழுங்காக நடந்தது என்பதை மட்டும்தான். சிகிச்சை பலன் தருமா என்று அது சொல்லாது. 8 மதிப்பெண் வாங்கிய ஆய்வு "பலன் இல்லை" என்றும் முடிந்திருக்கலாம். உங்கள் துறையைக் குறித்துக்கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவற்றை மின்னஞ்சலில் அனுப்புவார்கள்.

பெட்ரோவில் இல்லாதவை: நோயைக் கண்டறியும் சோதனைகள் பற்றிய ஆய்வு, ஒற்றை நோயாளி அறிக்கை. முழுக் கட்டுரையும் அதில் இருக்காது. எங்கே இருக்கிறது என்ற வழியைத்தான் காட்டும்.

## நம் நாட்டு இதழ்கள்

இந்திய பிசியோதெரபிஸ்ட்டுகள் சங்கத்தின் இதழும், மறுவாழ்வு மருத்துவர்களின் இந்தியன் ஜர்னல் ஆஃப் பிசிகல் மெடிசின் அண்ட் ரிஹேபிலிடேஷனும் நாம் பார்க்க வேண்டியவை. தரம் ஒரே சீராக இருக்காது. சின்ன ஆய்வுகள் நிறைய வரும். ஆனாலும் வேறெங்கும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். முழங்கால் வலிக்கு உலகம் முழுக்கப் பயன்படும் வோமாக் கேள்வித்தாளில் காரில் ஏறி இறங்குவது, குளியல் தொட்டியில் இறங்குவது என்று கேள்விகள் இருக்கின்றன. நம்மிடம் வருகிற அம்மாவுக்குப் பிரச்சினை பந்தியில் சம்மணம் போட்டு உட்காருவதும், குத்தவைத்து எழுந்திருப்பதும், டவுன் பஸ்ஸின் முதல் படியும். இதையெல்லாம் அளந்து பார்த்தவர்கள் இங்கே உள்ளவர்கள்தான். ஒரு கேள்வித்தாளின் தமிழ் வடிவத்தைத் தேடும்போதும் நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன்.

போலி இதழ்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த முதுநிலை மாணவி ஒருவர், "உங்கள் மதிப்புமிக்க கட்டுரையை அனுப்புங்கள்" என்ற மின்னஞ்சலை நம்பி அனுப்பினார். 4 நாளில் ஏற்பு, கூடவே பணம் கட்டச் சொல்லி ரசீது. யாரும் அதைப் படித்துத் திருத்தம் சொல்லவில்லை. அவர் ஒன்றரை ஆண்டு உழைத்துச் சேகரித்த நல்ல தரவு இப்போது யாரும் தேடிப் போகாத ஓர் இடத்தில் கிடக்கிறது. படிக்கிறவருக்கு இதனால் வரும் ஆபத்து இதைவிடப் பெரியது. அப்படிப்பட்ட கட்டுரையும் கூகுளில் மற்றவற்றோடு சேர்ந்தேதான் வரும். நம்பத்தக்க இதழ்கள் என்று யூஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டுவிட்டது. ஆகவே இதழ் மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் இருக்கிறதா, ஓப்பன் ஆக்சஸ் என்றால் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

## ஒரே பார்வையில்

| எது | யாருக்கு | முழுக் கட்டுரை | மறைவான செலவு |
|---|---|---|---|
| ஜர்னல் ஆஃப் பிசியோதெரபி | கலந்து பார்க்கும் கிளினிக் | இலவசம் | ஒரு துறையில் ஆழம் போதாது |
| ஜேஓஎஸ்பிடி | மூட்டு, முதுகு, விளையாட்டு | கைட்லைன்கள் இலவசம், மற்றவை பெரும்பாலும் சந்தா | டாலர் கட்டணம், பழைய கைட்லைன்கள் |
| நியூரோலாஜிக் பிசிகல் தெரபி | பாதிக்கு மேல் ஸ்ட்ரோக் நோயாளிகள் உள்ளவர் | 2020 நடை கைட்லைன் இலவசம் | மற்ற துறைக்கு உதவாது |
| ஆர்கைவ்ஸ் ஆஃப் பிசிகல் மெடிசின் அண்ட் ரிஹேபிலிடேஷன், கிளினிகல் ரிஹேபிலிடேஷன் | மருத்துவமனைக் குழுவில் இருப்பவர் | கல்லூரி வழியாக | நீளம், நேரம் |
| பெட்ரோ | எல்லோருக்கும் | வழி மட்டும் காட்டும் | தேடப் பழக வேண்டும் |
| இந்திய இதழ்கள் | நம்மூர் அளவைகள் தேடுகிறவர் | பெரும்பாலும் இலவசம் | தரத்தை நாமே சோதிக்க வேண்டும் |

## அந்த மூன்று பேருக்கும்

கும்பகோணத்துத் தம்பிக்கு: பணம் கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜர்னல் ஆஃப் பிசியோதெரபியின் ஒருபக்கச் சுருக்கங்களைப் படியுங்கள். ஜேஓஎஸ்பிடி கைட்லைன்களில் இடுப்பு, கழுத்து, தோள் மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோ மின்னஞ்சலுக்குப் பதிவு செய்யுங்கள். எல்லாம் சேர்த்து வாரம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர் கதை வேறு. அவர் கையில் ஏற்கெனவே புதையல் இருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. மத்திய அரசின் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் தனியாகப் பணம் கட்டாமல் படிக்கலாம். எல்சவியர், சேஜ், ஆக்ஸ்போர்டு எல்லாம் உள்ளே. ஆகவே வெளியில் இருப்பவருக்கு எட்டாத ஆர்கைவ்ஸ், கிளினிகல் ரிஹேபிலிடேஷன், அமெரிக்க சங்கத்தின் பிசிகல் தெரபி மூன்றையும் அவர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். நூலகரிடம் போய் லாகின் எப்படி என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டு வந்து, "இதுவரைக்கும் எங்க டிபார்ட்மென்ட்ல இருந்து யாருமே வந்து கேட்கலையாம் அக்கா" என்று சொன்னார். தனியார் கிளினிக்கில் இருப்பவர்கள், படித்த அரசுக் கல்லூரியில் இன்னும் தொடர்பு வைத்திருந்தால் நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம். அதுவும் முடியாதபோது, கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். நான் கேட்டவர்களில் பலர் அனுப்பிவைத்தார்கள்.

தெரபி சென்டர் தங்கைக்கு மேலே சொன்ன எதுவும் முதல் தேர்வு ஆகாது. மூளை முடக்குவாதக் குழந்தைகளைப் பார்க்கிறவருக்கு டெவலப்மென்டல் மெடிசின் அண்ட் சைல்ட் நியூராலஜிதான் சரி. 2013-இல் அதில் அயோனா நோவாக் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்விலிருந்து தொடங்கச் சொன்னேன். ஒவ்வொரு சிகிச்சைக்கும் சிக்னல் விளக்கைப் போல நிறம் கொடுத்திருப்பார்கள். பச்சை என்றால் செய், மஞ்சள் என்றால் அளந்து பார்த்துச் செய், சிவப்பு என்றால் செய்யாதே. நம் கல்லூரிகளில் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் என்டிடி (நியூரோ டெவலப்மென்டல் தெரபி) அதில் சிவப்பில் இருந்தது. அதை ஏற்காதவர்களும் உண்டு, விவாதம் இன்னும் ஓயவில்லை. தங்கை படித்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு ஒரு மெசேஜ் போட்டார். தன்னிடம் வரும் 14 குழந்தைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தான் இப்போது செய்துகொண்டிருக்கும் சிகிச்சையை எழுதி, பக்கத்தில் நிறம் போட்டிருந்தார். அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பி, "இதுல மஞ்சள்ல இருக்கற அஞ்சு பேருக்கு அடுத்து என்ன படிக்கட்டும் அக்கா?" என்று கேட்டிருந்தார்.